ஓடாமல் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

தாத்தாவோ பெரியப்பாவோ ஓட்டிய வண்டி கராஜ் மூலையில் தார்பாய்க்கு அடியில் கிடக்கும் வீடுகள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் இன்னும் இருக்கின்றன. 1960களில் கேட்டோ மேனரை விட்டு சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட பிறகு, தூரமாகிப் போன வேலைக்குப் போய்வர வாங்கிய ஆங்கிலேய பி.எஸ்.ஏ. ஆக இருக்கலாம். அதற்குப் பின்னால் வந்த சின்ன ஹோண்டாவாகவும் இருக்கலாம். யாரோ ஒரு பேரப்பிள்ளைக்கு ஆசை வந்து வண்டியை வெளியே தள்ளுகிறான். முதல் வேலையாகக் கிக்கரில் ஏறி மிதிக்கிறான். இருபது முப்பது வருடம் சும்மா கிடந்தபோது ஆகாத சேதம் அந்த ஒரு வாரத்தில் ஆகிவிடுகிறது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: வண்டியை ஓடவைக்கப் பார்க்காதீர்கள், முதலில் அது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். கீழே உள்ளதெல்லாம் அறிகுறி வாரியாக. உங்கள் வண்டிக்குப் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வயர் எங்கே போகிறது, கேபிள் எந்தப் பக்கமாக வளைகிறது, வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதெல்லாம் நினைவில் நிற்காது. எஞ்சின் நம்பரையும் பிரேம் நம்பரையும் எழுதி வையுங்கள். அந்த நம்பர்கள் இருக்கும் இடத்தில் கம்பி பிரஷ், கிரைண்டர், மணல் வீச்சு எதுவும் படக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் அந்த எண்களைச் சிதைப்பது குற்றம். வண்டி மறுபடி சாலைக்கு வரும்போது போலீஸ் தேடுவதும் அதைத்தான். பிரஷர் வாட்டரும் இப்போது வேண்டாம். காய்ந்துபோன சீல் வழியாகத் தண்ணீர் பேரிங்கிற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

உடைந்த பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக வாங்கியது பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

ஸ்பேனர் நட்டில் சரியாக உட்காரவில்லை

துரு காரணம் இல்லை. 1960கள் வரையிலான ஆங்கிலேய வண்டிகளில் மில்லிமீட்டர் அளவு கிடையாது. விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை என்று பழைய ஆங்கிலேய அங்குல அளவுகள் கலந்திருக்கும். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்துவது போலத் தெரியும், ஒரு திருகு திருகியதும் நட்டின் முனை உருண்டுவிடும். பழைய விட்வொர்த் செட் ஒன்று தேடிப் பிடியுங்கள். மூடிப்போன ஒர்க்‌ஷாப்பின் சாமான்களை யாராவது விற்கும்போது கிடைக்கும். வீட்டுப் பெரியவர்களின் பெட்டியிலேயே இருக்கவும் கூடும், கேட்டுப் பாருங்கள்.

ஜப்பான் வண்டியில் இதே தொல்லை ஸ்க்ரூவில் வரும். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ பார்க்க பிலிப்ஸ் மாதிரி இருந்தாலும் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் அளவு. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி மேலே ஏறி வந்து தலையைக் குதறிவிடும். ஜே.ஐ.எஸ். முனையும் சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் எஞ்சின் மூடி ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் முழுதாக வெளியே வந்துவிடும்.

கிக்கர் அசையவே இல்லை

எல்லோரும் உடனே சொல்வது, "பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு." அப்படியே இருக்கலாம். ஆனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். நடு ஸ்டாண்டில் போட்டு, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சக்கரத்தோடு எஞ்சினும் சுற்றினால் பிஸ்டன் நன்றாக இருக்கிறது, கோளாறு கிக்கரின் பற்களில் அல்லது ஸ்பிரிங்கில். சக்கரமும் இறுகி நின்றால்தான் எஞ்சின் உள்ளே பிடித்திருக்கிறது என்று பொருள். பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் இருக்கவும் வாய்ப்புண்டு, எனவே நியூட்ரலிலும் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

பிடித்திருந்தால் கிக்கரில் ஏறி நிற்காதீர்கள். அங்கே உடைவது சின்னப் பல்சக்கரம், அது கிடைப்பது பெரும்பாடு. சில சமயம் கியர் பெட்டியின் ஓடே கீறிவிடும். பிளக் ஓட்டையில் டார்ச் அடித்து சிலிண்டர் சுவரைப் பாருங்கள். பழுப்பு வளையம் தெரிந்தால் ரிங்குக்கும் இரும்புச் சிலிண்டருக்கும் இடையே துரு. நம் ஊர்க் கடல் காற்றில் இது சாதாரணம். எந்த வால்வ் திறந்த நிலையில் வண்டி நின்றுபோனதோ, அந்த வழியாக ஈரம் இத்தனை வருடமும் உள்ளே போய்க்கொண்டே இருந்திருக்கும். மலைக்கு மேலே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கிடந்த வண்டியையும் டர்பன் கடலோரத்துப் புளஃப் பக்கம் கிடந்த வண்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெய் ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு கலந்து, முட்டைக் கோப்பை அளவு ஓட்டை வழியாக விடுங்கள். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டாலும் வேலை நடக்கும், நாள்தான் கூடும். இரண்டு பொட்டு மேலே சிந்தினால் உடனே துடையுங்கள், அசிட்டோன் பெயிண்டைத் தின்றுவிடும். அது சட்டென்று பற்றும் திரவமும்கூட. உள்ளே அசிட்டோன் இருக்கும்போது ஹீட் கன், பர்னர், சிகரெட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தினமும் கொஞ்சம் சேர்த்து, தினமும் டாப் கியரில் சக்கரத்தை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். ஒரு நூல் அசைந்தாலே போதும், மறுநாள் இரண்டு நூல் அசையும். வாரங்கள் ஆகலாம். அவசரப்படுபவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

அப்படியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலைமேல் அதன் அளவுக்கு வெட்டிய மரக்கட்டையை வைத்து, சீராகத் தட்டலாம். இரும்பு சுத்தியலால் பிஸ்டனை நேரே அடித்தால் ஓட்டை விழும்.

பிஸ்டன் இளகி அசைந்த பிறகு "சுத்துது, ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். துருப் பிடித்த சிலிண்டரில் குழி இருக்கும், ரிங் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் அல்லது உடைந்திருக்கும். சிலிண்டரை வெளியே எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு முன் வால்வுகளுக்கு மேலே உள்ள ராக்கர் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கையால் சுற்றும்போது இரண்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்றும் பாருங்கள். ஒட்டிய வால்வை வற்புறுத்தினால் புஷ் ராடு வளையும்.

கிக்கர் தடையே இல்லாமல் கீழே போகிறது

மூன்றில் ஒன்று: கிளட்ச் வழுக்குகிறது, வால்வ் மூடவில்லை, அல்லது ரிங் பிடிக்கவில்லை. இந்தப் பழைய வண்டிகளில் கிக்கரின் பலம் கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. கிளட்ச் தட்டு வழுக்கினால் எஞ்சின் சுற்றவே சுற்றாது. பிளக் ஓட்டையில் ஒரு ஸ்ட்ராவை விட்டு, கிக்கரை இறக்கும்போது பிஸ்டனோடு அது ஏறி இறங்குகிறதா என்று ஒருவர் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்ட்ராவைக் கையிலேயே பிடித்திருங்கள், உள்ளே விட்டுவிடாதீர்கள்.

எஞ்சின் சுற்றியும் அழுத்தம் இல்லையென்றால் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை ஓட்டை வழியாக விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி மிதியுங்கள். அழுத்தம் கூடினால் ரிங். கூடாவிட்டால் வால்வ். வால்வ் என்றால் முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய சின்ன இடைவெளி, இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியே இல்லாமல் இருந்தால் வால்வ் எப்போதும் கொஞ்சம் திறந்தே நிற்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. ஓட ஆரம்பித்த பிறகு டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால், வால்வ் தன் இருக்கையைத் தின்றுகொண்டு உள்ளே போகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்த நாட்டில் 2006 தொடக்கத்தோடு நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு அந்த ஈயம்தான் காப்பு. நிதானமாக ஓட்டுபவருக்கு இது பெரிய பிரச்சினை ஆவதில்லை. வேகமாக, நெடுந்தூரம் ஓட்டுவீர்கள் என்றால் ஹெட்டைத் திறந்திருக்கும்போதே கடினமான வால்வ் இருக்கை போட்டுவிடுங்கள்.

ஆயில் டேங்க் காலி, தரையில் சொட்டுகூட இல்லை

பழைய பி.எஸ்.ஏ., ட்ரையம்ப், நார்ட்டன் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். இந்த வண்டிகளில் ஆயில் எஞ்சினுக்கு அடியில் தங்குவதில்லை, தனி டேங்கில் இருக்கும். பம்ப் அதை எஞ்சினுக்குத் தள்ளி, மறுபடி டேங்குக்கே திருப்பி அனுப்பும். வண்டி மாதக் கணக்கில் நிற்கும்போது, பம்பில் உள்ள சின்ன உருண்டை வால்வ் சரியாக மூடாவிட்டால், டேங்கில் இருந்த ஆயில் மெல்ல மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும்.

பார்ப்பவர் டேங்க் காலி என்று நினைத்துப் புது ஆயில் நிரப்புகிறார். இப்போது வண்டியில் இரண்டு மடங்கு ஆயில். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை கராஜையே மூடும், கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி சீல் பிதுங்கும், மூச்சுக்குழாய் வழியாக ஆயில் கொட்டும். பிறகு எஞ்சினே கெட்டது என்று முடிவுகட்டி முழுதாகப் பிரித்துவிடுகிறார்கள்.

எனவே டேங்க் காலி என்றால் முதலில் எஞ்சின் அடியில் உள்ள சம்ப் பிளக்கையோ மூடியையோ கழற்றி, அடியில் பெரிய பாத்திரம் வையுங்கள். வருவதை அளந்து பாருங்கள். அதன் நிறத்தையும் பாருங்கள்: பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, மினுமினுப்புத் துகள் இருந்தால் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. வலைச் சல்லடை இருந்தால் கழுவுங்கள். டேங்கையும் கழற்றிக் கழுவுங்கள், அடியில் தார் போலக் கசடு இருக்கும். அப்புறம்தான் புது ஆயில்.

முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும் நாளில் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து வைத்து, திரும்பி வரும் குழாயில் ஆயில் துப்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். அது எவ்வளவு அழகாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி.

பிளக்கில் பொறி இல்லை

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடல் ஹெட்டில் படுமாறு ஓட்டையிலிருந்து தள்ளி வைத்துக் கிக் அடியுங்கள். பொறி வராவிட்டால் புது பிளக், புது கேப், புது வயர் துண்டு. இவை விலை குறைந்தவை, முதலில் மாற்றிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

பிறகு பாயின்ட், அதாவது திறந்து மூடி பொறியை வரவைக்கும் தொடுமுனைகள். நாள்பட நின்ற வண்டியில் பாயின்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் இருக்கும், மின்சாரம் கடக்காது. மெல்லிய எமரித் தாளை இடையே ஒரு தடவை இழுத்து, பிறகு பெட்ரோலில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை இழுத்துத் துடையுங்கள். பொறி வராத வண்டிகளில் பெரும்பாலானவை இதிலேயே சரியாகிவிடும். பாயின்ட் இடைவெளி, பேட்டரி இல்லாமலே பொறி தரும் லூகாஸ் மேக்னெட்டோ என்றால் 0.012 அங்குலம், பேட்டரியை நம்பி ஓடும் லூகாஸ் காயில் என்றால் 0.015 அங்குலம், அக்காலச் சின்ன ஹோண்டாவுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பாயின்ட் திறக்கும்போது அங்கேயே பெரிதாகப் பொறி தெறித்தால் கண்டென்சர் போய்விட்டது.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடேறியதும் அணைந்து, ஆறியதும் மறுபடி ஸ்டார்ட் ஆனால், மேக்னெட்டோவின் உள்ளே சுருளோ கண்டென்சரோ தளர்ந்திருக்கிறது. அதை வீட்டில் பார்க்க முயல வேண்டாம், மேக்னெட்டோ கட்டுபவரிடம் கொடுங்கள்.

காயில் வண்டிக்குப் புது பேட்டரி மாட்டும் முன் ஒரு விஷயம். 1950, 60களின் ஆங்கிலேய வண்டிகளில் பெரும்பாலும் பாசிட்டிவ் முனைதான் பிரேமில் இணைந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவ்வைப் பிரேமில் மாட்டினால் ரெக்டிஃபையர் எரிந்துவிடும். ஹோண்டாவில் நெகட்டிவ்தான் பிரேமுக்கு. மாட்டும் முன் வயரிங் படத்தைப் பாருங்கள். 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதையும் ஹெட்லைட் பல்பில் எழுதியிருப்பதை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். வயர் உறை விரலால் வளைத்தால் வெடிக்கிறது என்றால் ஒட்டுப் போடாமல் முழுதாக மாற்றுங்கள், பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸும் சேருங்கள்.

பொறி இருக்கிறது, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை

டேங்கைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை போய் வார்னிஷ் வாசனை வந்தால் அதை எஞ்சினுக்குள் விடவே கூடாது. அடைத்துவிடும், சில சமயம் வால்வையே ஒட்டவைக்கும். சின்ன பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றி, கார்புரேட்டரைவிட உயரத்தில் தொங்கவிட்டு, டியூப் வழியாக அதற்குக் கொடுத்து சோதியுங்கள். டேங்கைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கார்புரேட்டரில் பைலட் ஜெட்தான் முதலில் அடையும். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் சாகிறது என்றால் அதுதான். கம்பியால் குத்தாதீர்கள், பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும். பிரஷ்ஷில் இருந்து ஒரு நைலான் இழை போதும், பிறகு காற்று. மாறாக, ஆக்சிலரேட்டர் விட்ட பிறகும் எஞ்சின் வேகம் சீராக இறங்காமல் ஏறி இறங்கி அலைந்தால் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. ஆங்கிலேய வண்டிகளின் அமல் கார்புரேட்டரில் இது அடிக்கடி அதன் பட்டைமுகம், அதாவது எஞ்சினோடு நட்டுப் போட்டு இணைக்கும் முகம், வளைந்ததால் வரும். யாரோ இரண்டு நட்டையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கியிருப்பார்கள். கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, பட்டைமுகத்தை எட்டு போடுவது போலத் தேய்த்தால் சமமாகிவிடும். பி.எஸ்.ஏ.வின் டூ ஸ்ட்ரோக் பேன்டம் என்றால் கிராங்கின் சீல் காய்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும். கியர் பெட்டி ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகையும் தள்ளும்.

டேங்க் உள்ளே துரு இருந்தால், ஓட்டைகளை அடைத்து எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரை நிரப்பி ஓரிரு நாள் விடுங்கள். கொட்டிய பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். கழுவி முடித்த கையோடு முழுதாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றுங்கள். ஜனவரி, பிப்ரவரி மாதத்து டர்பன் ஈரத்தில் கழுவிய டேங்கைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வருவதற்குள் ஆரஞ்சுப் படலம் வந்திருக்கும். குளிர்காலத்தில் காற்று வறண்டிருக்கும்போது இந்த வேலையைச் செய்வது உத்தமம். டேங்கில் ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். காலி டேங்கில் தங்கும் ஆவி வெடிக்கும்.

கிளட்சைப் பிடித்தும் வண்டி தள்ளவரவில்லை

தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. இக்னிஷனை அணைத்து, கிளட்ச் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக இறக்குங்கள். விடாவிட்டால் மூடியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவுங்கள்.

பிரேக் ஒட்டிக்கொண்டது அல்லது பிடிக்கவே இல்லை

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே சாம்பல் நிறத் தூசி இருக்கும். ஊதாதீர்கள், காற்றுக் குழாயும் காட்டாதீர்கள். அந்தக் காலத்து பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. இந்த நாட்டிலேயே அது வெட்டி எடுக்கப்பட்டது. வடக்கு கேப் சுரங்க ஊர்களில் அந்தத் தூசியால் எத்தனை குடும்பங்கள் நுரையீரல் நோயில் அழிந்தன என்பது தெரிந்த கதை. 2008இல்தான் தடை வந்தது. முகக்கவசம் போட்டு, தண்ணீரும் சோப்பும் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி மூடுங்கள். பிள்ளைகளைக் கராஜை விட்டு வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித் தருபவர்கள் உண்டு.

டயர் விஷயத்தில் பேச்சே இல்லை. பட்டன் முழுதாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். 2000க்குப் பிறகு வந்த டயரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே இலக்கம் இருந்தால் அது போன நூற்றாண்டு டயர்.

அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, குரோமில் துரு, பெயிண்ட் மங்கல்

இது பழுதே இல்லை, கடைசியில் பார்க்க வேண்டியது. ஆனால் எல்லோரும் தொடங்குவது இங்கிருந்துதான். வண்டி ஓடுமா என்று தெரியும் முன் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பாகங்களைப் பெட்டியில் போட்டு, அப்புறம் அந்தப் பெட்டியையே விற்றவர்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும், பிறகு மென்மையான மெழுகும் போதும், அந்தப் பழைய பெயிண்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் கையில் இருப்பது 1936க்குள் தயாரான வண்டி என்றால் இன்னும் கவனம். 1913 முதல் 1936 வரை டர்பனுக்கும் ஜோஹன்னஸ்பர்குக்கும் நடந்த பந்தயத்தின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் டி.ஜே. ஓட்டத்தில் கலந்துகொள்ளக்கூடியவை அந்த வயது வண்டிகள்தான். அவற்றில் ஒரு பழைய பேட்ஜோ கைப்பிடியோ தொலைந்தால் அதே போல இன்னொன்று கிடைப்பது அரிது.

ஸ்டார்ட் ஆகிவிட்டது

முதல் ஓட்டம் ஐந்து பத்து நிமிடம், வீட்டுக்குப் பக்கத்திலேயே. வந்ததும் முழுதாக ஆறவிட்டு, ஹெட் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன வரிசையில் சரிபாருங்கள், பிறகு டேப்பெட் இடைவெளி. முதல் ஆயிலைச் சில டஜன் கிலோமீட்டருக்குள்ளேயே மாற்றுங்கள், உள்ளே ஒட்டியிருந்த கசடு அதில் கரைந்து வந்திருக்கும். வண்டிக்கு அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். மறுநாள் காலை அதில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் அடுத்து எந்தச் சீல் என்று தெரிந்துவிடும்.